இனிப்பே வாங்குவதில்லை, பிறகு ஏன் சொத்தை?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. மேல் முன்பல் நான்கும் அரித்துக் குட்டையாகிவிட்டன. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் கறுப்பாகக் குழி விழுந்திருக்கிறது. போன வாரம் வலது பக்கம் வலிக்கிறது என்று இரவெல்லாம் அழுதாள். இரண்டு நாளில் வலி தானாகவே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் சாக்லேட், ஐஸ்கிரீம் வாங்குவதே இல்லை. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது, எல்லாவற்றுக்கும் கருப்பட்டிதான். பிறகு எப்படி சொத்தை வந்தது? அத்தை பல் பூச்சி என்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு பாட்டி புகை போட்டுப் பூச்சி எடுக்கிறாராம், கூட்டிப் போகலாம் என்கிறார்கள். கணவர், "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்துச்சு, பரம்பரை. பால் பல்தானே, விழுந்து முளைச்சுடும்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கால்சியம் குறைவு என்று ஒரு சிரப் வாங்கச் சொன்னார். யார் சொல்வது சரி? 9 மாதக் கைக்குழந்தையும் இருக்கிறான், இப்போதுதான் இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. அவனுக்கும் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது? மகள் ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி அருகிலிருந்து

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வலி நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்பைத் தொடும்போது அப்படித்தான் இரவு நேரத்தில், படுத்ததும் வலி உயிர் போகும். பிறகு அந்த நரம்பே செத்துப்போனால் வலியும் போய்விடும். வலி போனதே தவிர நோய் போகவில்லை. வேருக்கு அடியில் சீழ் கட்டத் தொடங்கும். இந்த வாரத்துக்குள் ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன்பே கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அந்தப் பல்லுக்கு நேராக ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம் தெரிந்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான். பகலா இரவா என்று பார்க்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். விடை நீங்கள் இணைத்து அனுப்பிய அந்தத் தனித்தாளிலேயே இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் "எல்லாம் சாப்பிடுவா டாக்டர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் மணி போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே எடுத்து வைத்துப் பார்ப்போம்.

காலை ஆறரைக்குக் கருப்பட்டி போட்ட பால், அதில் ஒரு கரண்டி சத்துப் பானப் பொடி. எட்டு மணிக்கு இட்லி. பத்தரைக்குப் பள்ளியில் இடைவேளை, டப்பாவில் க்ரீம் பிஸ்கட். மதியம் சாதம். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் மறுபடி பால், தொட்டுக்கொள்ள ரஸ்க். ஐந்திலிருந்து ஏழு வரை விளையாட்டு. அந்த நேரத்தில் தாத்தா ஒரு கடலைமிட்டாயைப் பொடிப்பொடியாக உடைத்து, ஓடி வரும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுப்பார். எட்டு மணிக்கு நாட்டுச்சர்க்கரை தொட்டுத் தோசை. ஒன்பதரைக்குப் படுக்கையில் கருப்பட்டிப் பால், குடித்துக்கொண்டே தூங்கிவிடுவாள். மூன்றரை வயது வரை அது பாட்டிலில் போய்க்கொண்டிருந்தது, இப்போது மூடி போட்ட உறிஞ்சு டம்ளர். பல் தேய்ப்பது காலையில் ஒரு முறை, மூலிகைப் பல்பொடியால், அவளே தேய்த்துக்கொள்வாள்.

இந்தத் தாளில் ஒரு சாக்லேட் கூட இல்லை, உண்மைதான். ஆனால் இனிப்பு ஆறு தடவை வருகிறது. சொத்தைக்கு வேண்டியது அந்த ஆறு தடவைதான்.

பல்லின் மேல் விரலால் வழித்தால் வெள்ளையாக மாவு போல வருமே, ஊத்தை என்போம், அது வெறும் அழுக்கு அல்ல. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குடியிருக்கும் படலம். அவற்றில் சில வகைகளுக்குச் சர்க்கரை கிடைத்தால் அதைத் தின்று அமிலமாக வெளியே விடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அதில் பேர்போன ஒன்று. 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அது மட்டுமே குற்றவாளி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஊத்தையில் ஒரு கூட்டமே இந்த வேலையைச் செய்கிறது. பல்லின் மேலோடான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள், எலும்பை விடக் கெட்டி. எடையில் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுதான். இடித்தால் தாங்கும், கடித்தால் தாங்கும், அமிலத்துக்கு மட்டும் கரையும். ஊத்தைக்கு அடியில் அமிலம் கூடக் கூட, அதை அளக்கும் பி.எச். என்ற எண் இறங்கும்; அது 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியேறத் தொடங்கும்.

இறங்குவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? சில நிமிடங்கள்தான். இனிப்பு நாக்கில் பட்டு ஐந்து பத்து நிமிடத்துக்குள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஸ்டெஃபன் என்ற ஆராய்ச்சியாளர் 1940-களிலேயே மனிதர்களின் வாயில் அளந்து காட்டிய விஷயம் இது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். திருப்பிக் கொண்டுவருவது எச்சில். அமிலத்தை முறிப்பதும் அதுதான், கரைந்த இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் படிய வைப்பதும் அதுதான். ஆக, நம் எல்லோருடைய பல்லும் தினமும் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் ஆறுகிறது. கரையும் நேரம் ஆறும் நேரத்தை மிஞ்சும் வாயில் சொத்தை விழுகிறது.

இப்போது மகளின் நாளைக் கூட்டிப் பாருங்கள். காலைப் பால், பிஸ்கட், மாலைப் பாலும் ரஸ்கும், தோசைக்குத் தொட்ட சர்க்கரை, ஒவ்வொன்றுக்கும் குறைத்துப் போட்டால் கூட அரை மணி; இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடலைமிட்டாய் ஒரே ஒரு துண்டுதான், ஒப்புக்கொள்கிறேன். அதை உட்கார்ந்து ஒரேயடியாகத் தின்றிருந்தால் அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் கதை. பொடித்துப் பொடித்துக் கொடுத்ததில் இரண்டரை மணி நேரம் எச்சிலுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போனது. போதாததற்குப் பாகு பல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு முழு மிட்டாயைக் கொடுத்து, தின்றதும் தண்ணீர் குடிக்க வைத்தால், தாத்தாவின் பொடித்துண்டுகளை விட ஆபத்து குறைவு.

கேட்டால் நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் லூண்ட் நகருக்கு அருகே விபெஹோல்ம் என்ற, அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான விடுதியில் 1945-லிருந்து சில வருடங்கள் நடந்த ஆராய்ச்சி அது. ஒரு குழுவுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து நிறையச் சர்க்கரை. இன்னொரு குழுவுக்குச் சாப்பாட்டு நேரங்களுக்கு இடையே பல்லில் ஒட்டும் டாஃபி. முதல் குழுவில் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. டாஃபிக் குழுவில் பற்கள் கடகடவென்று அரித்துப் போயின. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் என்பதால் அந்த ஆராய்ச்சியை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்தான். இன்று அப்படி ஒன்றை யாரும் நடத்த முடியாது. அதற்காக அவர்கள் கண்டதை இல்லை என்று சொல்லவும் முடியாது.

கருப்பட்டி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதிகம் ஏமாற்றம் தெரிவது அங்கேதான். உடன்குடிக் கருப்பட்டியோ, பனங்கற்கண்டோ, நாட்டுச்சர்க்கரையோ, வெல்லமோ, பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையிலும் அதே சுக்ரோஸ். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாதுக்கள், நல்ல மணம் எல்லாம் கருப்பட்டியில் கூடுதலாக உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊத்தையிலிருக்கும் பாக்டீரியாவுக்குப் பனைமரமும் கரும்பும் ஒன்றுதான். தேனும் அப்படியே. சொல்லப்போனால் கருப்பட்டி நல்லது என்ற எண்ணத்தில் அளவும் தடவையும் கூடிவிடுகிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பிஸ்கட்டுக்கும் இதில் பங்குண்டு. க்ரீம் இல்லாத சாதா பிஸ்கட் என்றாலும் மாவும் சர்க்கரையும் கூழாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பள்ளி விட்டு வந்த குழந்தையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள், பத்தரை மணி பிஸ்கட் நாலு மணிக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளங்களில் சில பிரஷ்ஷின் ஒற்றை நாரை விடக் குறுகலானவை, தேய்த்தாலும் உள்ளே போகாது. உங்கள் மகளுக்குக் கீழ்க் கடைவாயில் குழி விழுந்தது அநேகமாக அந்த வழியில்தான். சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா, முட்டை, இப்படி ஏதாவது ஒன்றை டப்பாவில் மாற்றிப் போட்டு அனுப்புங்கள். முழுப் பழத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே பழத்தை ஜூஸாக அடித்துச் சர்க்கரை போட்டால்தான் வேறு கதை.

மேல் முன்பற்களுக்குக் காரணம் வேறு. கீழ் முன்பற்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. அவை நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன், போய்ப் பாருங்கள். பாட்டிலோடு தூங்கிய குழந்தைகளின் வாயில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது: மேலே நான்கும் போயிருக்கும், நேர் கீழே இருக்கும் நான்கும் வெள்ளை வெளேரென்று இருக்கும். சப்பிக் குடிக்கும்போது நாக்கு முன்னால் வந்து கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. நாக்குக்கு அடியில் சுரக்கும் எச்சிலும் அங்கேயே தேங்குகிறது. மேல் பற்களுக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது. இனிப்புப் பால் அவற்றின் மேல் தேங்கி நிற்கும். அதோடு, தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பகலில் ஒரு மணி நேரத்தில் ஆறுகிற அமிலம் இரவில் எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், அந்த ஒன்பதரை மணிப் பாலைத்தான் நான் கைவைப்பேன். எட்டு மணித் தோசையோடு பாலையும் கொடுத்துவிடுங்கள், இனிப்பில்லாமல். ஒரேயடியாக மாற்றினால் அழுவாள். ஒரு வாரத்துக்குக் கருப்பட்டியைப் பாதியாக்கி, அடுத்த வாரம் அதிலும் பாதியாக்கிப் பழக்குங்கள். பல் தேய்த்த பிறகு படுக்கையில் தண்ணீர் மட்டும்.

அத்தை சொல்லும் பூச்சி. பெரியவர்கள் சொன்னால் முகத்தில் அடித்தாற்போல மறுக்க முடியாது, தெரியும். பல்லில் புழு இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருடங்களாக இருந்தது. 1728-ல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர், சொத்தைப் பற்களை நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தும் ஒரு புழுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார். நம் பக்கம் இதற்குப் புகை போடுவது பெரும்பாலும் கண்டங்கத்திரி விதையில். சூடான இரும்பில் விதையைப் போட்டுப் புகையை வாயில் பிடிப்பார்கள், கீழே தண்ணீர்த் தட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் புழுக்கள் மிதக்கும். அவை விதைக்குள் சுருண்டிருக்கும் முளைக்கரு. சூட்டில் விதை வெடித்து வெளியே தெறிக்கிறது. கத்திரிக் குடும்பத்துச் செடிகளுக்கு விதைக்கரு இயல்பிலேயே வளைந்து புழு மாதிரிதான் இருக்கும். அத்தைக்குச் சந்தேகம் இருந்தால் யார் வாயும் பக்கத்தில் இல்லாமல் அதே விதையைச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் பூச்சி விழும். புகை போட்ட பிறகு வலி நின்றது என்று சாட்சி சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு எந்தப் புகையும் இல்லாமலே இரண்டு நாளில் நின்றதே, அதே காரணம்தான். கிராம்பு எண்ணெயும் இந்த வகை. அதிலிருக்கும் யூஜினால் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், சொத்தையை நிறுத்தாது. குழந்தையின் ஈறில் நேரடியாகப் பட்டால் புண்ணாக்கிவிடும்.

கால்சியம் சிரப் தேவையில்லை. பால் பல்லின் எனாமல் உருவாகும் வேலை நீங்கள் கர்ப்பமாக இருந்தபோதே ஆரம்பித்து, அவளுடைய முதல் பிறந்தநாள் வாக்கில் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் சத்துக் குறைந்தாலோ, குறைமாதமாகப் பிறந்தாலோ எனாமல் பலவீனமாக அமையலாம். முளைத்த பிறகு விழுங்கும் கால்சியம் ரத்தம் வழியாக எனாமலுக்குப் போய்ச் சேராது. எனாமலில் ரத்த ஓட்டமும் இல்லை, உயிருள்ள செல்லும் இல்லை. எலும்புக்காகக் கொடுக்கச் சொல்லிக் குழந்தை மருத்துவர் எழுதியிருந்தால் கொடுங்கள், ஆனால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகள் சிரப் பலவற்றில் சர்க்கரை இருக்கும். அதை ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் ஊற்றிப் படுக்க வைக்கும் வீடுகள் உண்டு.

கணவர் சொல்லும் பரம்பரையில் ஓரளவு உண்மை இருக்கிறது. பல்லின் பள்ளம் ஆழமாக இருப்பது, நெருக்கியடித்து முளைப்பது, எச்சிலின் தன்மை, இவை குடும்பத்தில் வரும். ஆனால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே சொத்தை வருவதற்குப் பெரும்பாலும் காரணம், இருவரும் ஒரே சமையலறையில் ஒரே பழக்கத்தில் வளர்ந்தது. இன்னொன்றும் உண்டு. பிறந்த குழந்தையின் வாயில் சொத்தைக் கிருமிகள் இருப்பதில்லை. பல் முளைக்கும் காலத்தில் அவை பெரும்பாலும் அம்மாவின், வீட்டிலுள்ள மற்றவர்களின் எச்சில் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. உங்கள் கணவர் வாயில் அடைக்காத சொத்தை இருந்தால் அது அவர் சொந்தக் கவலை மட்டும் இல்லை. இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிடாதீர்கள்; பெரியவர்கள் தங்கள் சொத்தையைச் சரிசெய்துகொண்டாலே போதும்.

"பால் பல்தானே" என்பதில்தான் அவரோடு நான் சண்டையே போடுவேன். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. உங்கள் மகளுக்குக் குழி விழுந்திருக்கும் கடைவாய்ப் பால் பற்கள் விழுவது பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள். இன்னும் ஐந்தாறு வருடம் அவள் மெல்ல வேண்டியது அவற்றால்தான். அதோடு அந்தப் பல், பின்னால் வரப்போகும் நிலைப்பல்லுக்குப் பஸ்ஸில் துண்டு போட்டு வைத்தது மாதிரி. துண்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும், சொந்தக்காரப் பல் வளைந்தும் சாய்ந்தும் முளைக்கும். பிறகு பதின்மூன்று வயதில் க்ளிப் போட அலைவீர்கள். வேரில் தேங்கும் சீழ் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலையும் கெடுக்கக்கூடும்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இன்னும் ஒரு வருடத்துக்குள், இப்போதிருக்கும் கடைசிப் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நான்கு மூலையிலும் நான்கு புதுப் பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப் பல். பத்து வயதுக்குள் சொத்தையாகிப் பிடுங்கும் நிலைமைக்கு வரும் நிலைப்பல் எது என்றால் பெரும்பாலும் இதுதான். ஏற்கெனவே சொத்தை உள்ள வாயில் அது வந்து முளைக்கும் என்பதால், அது முளைத்து மேலே வந்ததும் பள்ளங்களை மெல்லிய பூச்சு வைத்து மூடும் சீலன்ட் போட்டுவிடச் சொல்லுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

பல் தேய்ப்பதைப் பற்றி. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தானே தேய்க்க வராது. பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும், அவ்வளவுதான். ஏழெட்டு வயது வரை நீங்களோ அப்பாவோ தேய்த்துவிட வேண்டும், காலையிலும் படுக்கும் முன்பும். இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இரவுதான் முக்கியம். அவள் தலையை உங்கள் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துத் தேய்த்தால் எல்லாப் பல்லும் தெரியும்.

மூலிகைப் பல்பொடியால் ஊத்தை ஓரளவு போகும், வேப்பங்குச்சியாலும் போகும். அவற்றில் ஃபுளோரைடு இல்லை என்பதுதான் குறை. சில பொடிகள் சொரசொரப்பாக இருந்து எனாமலையே தேய்த்துவிடும். எச்சில் பல்லுக்குத் தாதுவைத் திரும்பக் கொடுக்கும்போது ஃபுளோரைடும் கூட இருந்தால், படியும் தாது முன்னைவிட அமிலத்தைத் தாங்கும். சொத்தையைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபணமான பொருள் பேஸ்ட்டில் அது ஒன்றுதான். டப்பாவில் 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் சட்டப்படி அதிகபட்ச அளவும் அதுவே. குழந்தைகள் பேஸ்ட் என்று படம் போட்டு விற்பதில் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது, சிலவற்றில் அறவே இருக்காது. மகளுக்கு ஒரு பட்டாணி அளவு. தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு அலசிக் கொப்பளிக்க வேண்டாம்; கொப்பளித்தால் போட்ட மருந்தையே கழுவி ஊற்றியது போலாகிவிடும்.

ஃபுளோரைடு விஷம் என்று வாட்ஸ்அப்பில் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, குடித்த தலைமுறைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறையும் எலும்புக் கோளாறும் வந்தது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அது வருடக்கணக்கில் தினமும் குடித்ததன் விளைவு. பட்டாணி அளவு பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவதோடு அதைச் சேர்க்கக் கூடாது. நீங்கள் குடிப்பது போர்வெல் தண்ணீர் என்றால் ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் போனால் குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள்.

மகனுக்கு ஆரம்பமே நன்றாக அமைந்திருக்கிறது, இரண்டு பல்தானே. இன்றைக்கே அரிசி அளவு பேஸ்ட் தொட்டுச் சின்ன பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு மேல் இரவு முழுக்க மார்பை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். வேறு பால் கொடுத்தால் பாலாடையிலோ டம்ளரிலோ கொடுங்கள், பாட்டிலையே வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் தொட்டு வைக்கக் கூடாது. அதற்குப் பல்லை விடப் பெரிய காரணம், போட்டுலிசம் என்ற ஆபத்தான நோய். இரண்டு வயது வரை எதிலும் சர்க்கரை, கருப்பட்டி சேர்க்காதீர்கள். இனிப்பில்லாத பால் சப்பென்று இருக்கிறது என்பது நமக்குத்தான், அவனுக்கு அதுதான் பால்.

வாரம் ஒருமுறை அவன் மேலுதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மேல் பற்கள் வந்ததும், அவற்றை மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கலான வெள்ளைக்கோடு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது அது தெரியாது. சொத்தையின் முதல் படி அதுதான். அந்தக் கட்டத்தில் குழி விழுந்திருக்காது. சாப்பாட்டை மாற்றி, பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற மருந்தைப் பல்லில் பூசினால் அடைக்காமலே நிறுத்திவிடலாம். குழி விழுந்த பிறகு எச்சிலாலும் முடியாது, பேஸ்ட்டாலும் முடியாது. முதல் பிறந்தநாளுக்குள் அவனையும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மகளுக்கு என்ன சிகிச்சை என்று எக்ஸ்ரே பார்க்காமல் நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வலித்த வலதுபக்கப் பல்லுக்கு, வேர் நன்றாக இருந்தால் பால் பல்லுக்கான வேர் சிகிச்சை செய்து மேலே ஸ்டீல் கேப் போடுவார்கள். காப்பாற்ற முடியாத நிலை என்றால் எடுத்துவிட்டு, இடம் மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பி வளையம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் எடுப்பதோடு விட்டுவிடுகிறார்கள். இடதுபக்கம் ஆழம் குறைவாக இருந்தால் அடைத்தாலே போதும். முன்பற்களில் உள்ளே சீழ் இல்லையென்றால், துளைக்காமலே சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற சொட்டு மருந்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தும் வழியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுப்பாகிவிடும், அதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். முன்பல் எப்படியும் ஓரிரண்டு வருடத்தில் விழப்போகிறது என்பதால், என்னைக் கேட்டால் பயந்த குழந்தைக்கு அது நல்ல வழி.

தனியார் க்ளினிக்கில் செலவு கூடுதலாகச் சொன்னால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம், பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கும். காலையில், அவள் நன்றாகத் தூங்கி எழுந்த நாளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். "ஊசி போடமாட்டாங்க" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். போட வேண்டி வந்தால் அடுத்த முறை உங்களையும் நம்பமாட்டாள், எங்களையும் நம்பமாட்டாள். எனக்கு அனுப்பிய அந்தத் தனித்தாளின் நகலை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை டாக்டரிடம் நீட்டினாலே பாதிக் கேள்விகள் மிச்சம்.

அன்புடன்,
குழந்தைகள் பல் மருத்துவர்